வீட்டிலேயே கார் பாலிஷ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரின் பெயிண்ட், பீடிங் (கதவோர ரப்பர்), பம்பர் பராமரிப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லி போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் "பாலிஷ் போடலாமா?" என்ற ஒரே கேள்விதான், ஊர்தான் வேறு வேறு. அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, மற்றவற்றில் பலருக்கும் உதவக்கூடியதை எடுத்துக்கொண்டேன்.

கறுப்பு கார், நாலு வருஷம் ஆகிறது. நிழலில் நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ஒவ்வொரு சர்வீஸிலும் 'ரப்பிங் பாலிஷ்' போட்டுவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். போடலாமா? பாலிஷும் வேக்ஸும் ஒன்றுதானா?
— மதுரை வாசகர்

ஒவ்வொரு சர்வீஸிலும் வேண்டவே வேண்டாம். காரணம் தெரிந்தால் நீங்களே மறுத்துவிடுவீர்கள்.

இன்றைய கார்களில் தகட்டுக்கு மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அப்புறம் நிறம் தருகிற பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இந்த நான்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான், அதாவது பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பளபளப்பு, வெயிலிலிருந்து நிறத்துக்குப் பாதுகாப்பு, எல்லாம் அந்த ஒரு அடுக்கை நம்பித்தான் இருக்கிறது.

பாலிஷ் என்பது மிக மெல்லிய உராய்பொருள் கலந்த களிம்பு. கீறலை அது நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குகிறது. நைஸான பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரான் எடுக்கும், ஒர்க்‌ஷாப்பில் போடும் சொரசொரப்பான ரப்பிங் காம்பவுண்டை மெஷினில் போட்டுத் தேய்த்தால் அதற்கு மேலும் போகும். போனது போனதுதான், திரும்ப வளராது. வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ், இரண்டிலும் காம்பவுண்டு என்று வைத்துக்கொண்டால் சில வருஷங்களில் ரூஃபிலும் பானெட்டிலும் கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாக உரிய ஆரம்பிக்கும். உரிந்தால் பாலிஷுக்கு அங்கே வேலை இல்லை, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

வேக்ஸ் இதற்கு நேர் எதிர். எதையும் எடுக்காது, மேலே ஒரு மெல்லிய படலமாக உட்காரும். வெயில், மழை, பறவை எச்சம் எல்லாம் முதலில் அதைத்தான் தின்னும். தீர்ந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம், எத்தனை தடவை போட்டாலும் காருக்கு நஷ்டமில்லை.

உங்கள் கார் கறுப்பு என்பதால் கீறல் அதிகமாகத் தெரிகிறது. உண்மையில் அவை வட்டமானவையும் இல்லை. எல்லாத் திசையிலும் ஓடுகிற பொடிக் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் ஒருமுறை நல்ல பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காது, டச்-அப் பெயிண்ட் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒருமுறை பாலிஷ் போட்ட பிறகு கழுவும் முறையை மாற்றாவிட்டால் ஆறு மாதத்தில் அதே கீறல் வந்து நிற்கும். அடுத்த கேள்வியும் அதைப் பற்றித்தான்.

அபார்ட்மெண்ட்டில் மாதச் சம்பளத்துக்கு ஒருவர் தினமும் காலையில் எல்லாக் கார்களையும் துடைக்கிறார். நான் தனியாக வேக்ஸ் போடுவதில் பிரயோஜனம் உண்டா?
— சென்னை வாசகி

முதலில் அந்த வாளியைப் போய் எட்டிப் பாருங்கள். ஒரு வாளி, ஒரு துணி, பதினைந்து இருபது கார். முதல் காரின் மண் கடைசிக் கார் வரைக்கும் பயணம் செய்கிறது. மதுரை வாசகரின் வட்டக் கீறலுக்கும் அநேகமாக இதுதான் காரணம். துடைப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கையில் கொடுத்ததை வைத்துத்தானே வேலை செய்வார்? தவிர, தினமும் துடைத்தே ஆக வேண்டும் என்று கேட்பது நாம்தான்.

தினசரித் துடைப்பை நிறுத்திவிட்டு வாரம் ஒன்றிரண்டு தடவை போதும் என்று அவரிடம் சொல்லுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல். உங்கள் காருக்கென்று நாலைந்து மைக்ரோஃபைபர் துணியும் இரண்டு வாளியும் கொடுங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் மறுபடி ஷாம்புவுக்குப் போக வேண்டும். மேலிருந்து கீழே வரணும். கதவின் அடிப்பாகத்துக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி, அந்தத் துணி பானெட் பக்கம் வரவே கூடாது. துடைக்கும் முன் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட்டிவிட வேண்டும். காய்ந்த தூசி மேல் காய்ந்த துணி படுவதுதான் இருப்பதிலேயே மோசம், நீளக் கைப்பிடி டஸ்டரும் இதில் சேர்த்திதான்.

பனியன் வேஸ்ட், பழைய லுங்கி, கிழிந்த டி-ஷர்ட் எல்லாம் என்ஜின் பக்கம் இருக்கட்டும். டி-ஷர்ட்டின் ஓரத் தையலே கறுப்பு காரில் கோடு போடும். மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், அதன் இழைகள் வழுவழுத்துப் போய்த் தண்ணீரை உறிஞ்சாது. ஷாம்புவுக்குப் பதில் துணி சோப்புத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் பலர் போடுகிறார்கள். அழுக்கு போகும்தான், நீங்கள் போட்ட வேக்ஸும் அதோடு சேர்ந்து சீக்கிரம் போகும்.

இதெல்லாம் நடந்தால் வேக்ஸ் போடுங்கள், நல்ல பலன் உண்டு. நடக்காது என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல துணி வாங்குங்கள், அதுவே காருக்கு அதிகம் நல்லது.

பாலிஷ், வேக்ஸ் இரண்டையும் கையாலேயே போட ஆசை. வரிசையாக எப்படிச் செய்வது? ஃபோம் பேட் மாட்டிய கிரைண்டிங் மெஷின் ஒன்று நண்பரிடம் இருக்கிறது, பயன்படுத்தலாமா?
— திருப்பூர் வாசகர்

மெஷினை நண்பரிடமே விட்டுவிடுங்கள். இரும்பு அறுக்கிற சிறிய ஆங்கிள் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். பாலிஷ் போடும் ரோட்டரி மெஷினையே 3,000-க்குக் கீழேதான் ஓட்டுவார்கள், அதிலும் கைப்பழக்கம் இல்லாதவர்கள் ஓரங்களில் பெயிண்டைக் கருக்கிவிடுவது உண்டு. மெஷின் வேண்டும் என்றே முடிவு செய்தால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்குங்கள். அதன் தலை சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது, புதியவர்கள் கையிலும் பெரிதாகக் கெட்டது நடக்காது. ஆனால் முதல் தடவைக்குக் கைதான் சரி. கையால் தேய்த்து கிளியர் கோட்டைத் தீர்ப்பது கஷ்டம், அதற்கு முன்னால் தோள்பட்டை விட்டுப்போகும்.

நிழல் வேண்டும், பெயிண்ட் குளிர்ந்திருக்க வேண்டும். புறங்கையைப் பானெட்டில் வைத்தால் சுடக்கூடாது. சித்திரை வெயிலில் நின்ற அடர்நிறப் பானெட் 70 டிகிரியைத் தொடும், அதன் மேல் பாலிஷைத் தடவினால் நிமிஷத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுப்பது தனி வேலை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் பாதி காராவது முடியும், மீதியை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கழுவித் துடைத்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பெயிண்டை வருடிப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற இடம்கூட சொரசொரவென்று இருக்கும். பிரேக் தூசி, ரயில்வே லைன் பக்கம் பறக்கிற இரும்புப் பொடி, பட்டறைப் பொறி எல்லாம் பெயிண்டில் குத்திக்கொண்டு நிற்கும், வெள்ளைக் காரில் இவை துருப் புள்ளிகளாகவே தெரியும். கிளே பார் என்று களிமண் மாதிரி ஒரு கட்டி கிடைக்கிறது. ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போனால் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துக்கொண்டே வாருங்கள். கட்டி தரையில் விழுந்தால் பாவம் பார்க்காமல் தூக்கி எறிய வேண்டும், ஒட்டிய மணல் ஒன்று போதும், மொத்தப் பானெட்டையும் கீறிவிடும். பாலிஷ் போடாமல் வேக்ஸ் மட்டும் போடப்போகிறவர்களும் இந்த வேலையை விடாதீர்கள். பலருடைய காருக்கு இதற்கு மேல் பாலிஷே தேவைப்படாது.

அடுத்து, கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், கதவின் கூரான விளிம்புகள் எல்லாவற்றிலும் பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். விளிம்பில் பெயிண்ட் மெலிதாகத்தான் பிடித்திருக்கும், சீக்கிரம் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்க்கும். ஃபோம் அப்ளிகேட்டரில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு பாலிஷ் எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும், ஓரளவு அழுத்தி, முதலில் நெடுக்காக, அப்புறம் குறுக்காகத் தேய்த்துவிட்டு சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள். மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். திருப்தி இல்லை என்றால் அதே இடத்தில் இன்னொரு தடவை போடலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதிக் கீறல் போனாலே கண்ணுக்குக் கார் புதிதாகத் தெரியும். மீதியையும் துரத்திக்கொண்டு போவதில்தான் கிளியர் கோட் காலியாகிறது.

கடைசியில் வேக்ஸ். எவ்வளவு மெலிதாக முடியுமோ அவ்வளவு மெலிதாகத் தடவுங்கள், கெட்டியாகப் பூசினால் பாதுகாப்பு கூடாது, துடைத்து எடுக்கும் வேலைதான் கூடும். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு சுத்தமாகத் தெரிந்தால் துடைத்துவிடலாம். இழுவினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். முன் கண்ணாடிக்கு மட்டும் வேக்ஸ் வேண்டாம், வைப்பர் கடகடவென்று துள்ளும், மழை இரவில் எதிர் வண்டி வெளிச்சத்தில் கண்ணாடி மங்கும்.

தொழிற்சாலையிலிருந்தே பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் வந்த காருக்கு எந்த வேக்ஸ் நல்லது?
— திருச்சி வாசகர்

எதுவும் போடாதீர்கள். பாலிஷ் பட்ட இடம் பளபளத்துவிடும், பழையபடி மேட் ஆகாது. மேட் பெயிண்டுக்கென்றே வரும் ஷாம்புவும், வேக்ஸ் போல மேலே படலமாக உட்காரும் செயற்கைச் சீலன்ட்டும் மட்டும் போதும்.

பம்பரின் கீழே, சக்கர வளைவில் எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பாகிறது, ஒரு வாரத்தில் போய்விடுகிறது. போன முறை வேக்ஸ் போட்டபோது அங்கங்கே வெள்ளையாகவும் படிந்துவிட்டது.
— சேலம் வாசகர்

தேங்காய் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் கறுப்பாகத் தெரிவது எண்ணெய் ஈரத்தால்தான், ஈரம் இருக்கும்வரை கறுப்பு. அதற்குள் ஊரில் இருக்கிற தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பட்டுக்கோட்டையிலிருந்து பாண்டிச்சேரி வரை எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், மாலையில் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் நீங்களும் செய்துகொள்ளுங்கள், தப்பில்லை.

நிரந்தரமாக என்று கேட்டால், வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலைச் சிதைத்துவிட்டது, அதைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது, மூட மட்டும் முடியும். ட்ரிம் ரெஸ்டோரர் என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். சிலிகான் எண்ணெய் வகை பளபளவென்று இருக்கும், சில வாரம் தாங்கும். கோட்டிங் வகை காய்ந்து இறுகிவிடும், விலை கூட, ஆனால் மாதக்கணக்கில் நிற்கும். வெளுத்த பிளாஸ்டிக்குக் கோட்டிங்தான் வாங்கச் சொல்வேன். போடும் முன் பழைய எண்ணெய் சுத்தமாகப் போயிருக்க வேண்டும். ஷாம்புவும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் கோட்டிங் போட்டால் எண்ணெய்மேல் நின்று திட்டுத்திட்டாக உரியும். பலர் 'டூப்ளிகேட்' என்று கடைக்காரரோடு சண்டை போடுவது இதனால்தான்.

ஹீட் கன் வைத்துச் சூடு காட்டினால் கறுப்பாகிறது என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. ஆகும், உண்மைதான், கொஞ்சம் அசந்தால் பிளாஸ்டிக்கின் புள்ளி வேலைப்பாடு உருகி வழவழப்பாகவும் ஆகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெள்ளையாகப் படிந்திருப்பது பிளாஸ்டிக்கின் குழிகளில் காய்ந்த வேக்ஸ். பழைய பல் பிரஷ், கொஞ்சம் ஆல்கஹால், நிதானமாகத் தேய்த்தால் வந்துவிடும். அடுத்த தடவை டேப் ஒட்டுங்கள். ரப்பர் பீடிங் பக்கம் கிரீஸ், கெரசின், பெட்ரோல் எதுவும் போகக்கூடாது, ரப்பர் ஊதிப்போய் மழையில் கதவு ஒழுகும். அதற்கு சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவினால் போதும்.

குரோம் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இப்போதைய கார்களின் கிரில்லில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் மேல் ஏற்றிய குரோம், மிக மெல்லிய முலாம். பித்தளை விளக்குத் தேய்க்கும் பாலிஷைப் போட்டுத் தேய்க்காதீர்கள், ஷாம்புவும் வேக்ஸும் போதும். பழைய வண்டியின் இரும்பு பம்பரில் மேலாகப் பிடித்த துரு என்றால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், நன்றாகவே போகும்.

கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டரில் வீடு. கார்னோபா வேக்ஸ் நல்லது என்கிறார்கள், சிலர் சீலன்ட் என்கிறார்கள், சிலர் செராமிக். குழப்பமாக இருக்கிறது. புது கார் எடுத்தபோது ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங்கும் போட்டார்கள், அது இன்னும் இருக்குமா?
— தூத்துக்குடி வாசகர்

கார்னோபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. இயற்கை மெழுகுகளிலேயே கடினமானது, உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. அடர்நிறக் காருக்கு ஒரு ஆழமான மினுமினுப்பு தரும், அதை ரசித்துப் பழகியவர்கள் வேறு எதற்கும் மாற மாட்டார்கள். ஆனால் நம் வெயிலுக்கும் வாராந்திரக் கழுவலுக்கும் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் தாங்கும். செயற்கைப் பாலிமர் சீலன்ட் நாலைந்து மாதம் நிற்கும், பளபளப்பு கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு நான் சீலன்ட் பக்கம்தான். ஸ்பிரேயாகவே கிடைக்கிறது, கழுவியதும் அடித்துத் துடைத்துவிட்டால் முடிந்தது.

செராமிக் என்பது சிலிக்கா சார்ந்த கோட்டிங். '9எச் கடினம்' என்று விளம்பரத்தில் வருவது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையில் வரும் எண், 9எச் பென்சில்கூடக் கீறவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். லாரி டயரிலிருந்து பறந்து வரும் ஜல்லிக்கும் சாவியை வைத்துக் கோடு இழுக்கும் பையனுக்கும் அந்த எண் புரியாது. தண்ணீர் உருண்டோடுவதும் அழுக்கு எளிதில் கழுவுப்படுவதும் நிஜம். கோட்டிங் போடும் முன் கீறலைப் பாலிஷ் போட்டு எடுப்பதில்தான் உழைப்பும் கூலியும் பெரும்பகுதி, கீறலோடு கோட்டிங் போட்டால் கீறல்தான் உள்ளே பத்திரமாக இருக்கும். கராஜுக்குள் நிற்கிற, ஒழுங்காகக் கழுவுகிற காருக்குப் போடலாம். தெருவில் நின்று, ஒரே வாளியில் துடைபடும் காருக்கு அந்தச் செலவு தண்டம்.

டெஃப்லான் உருகிப் பிடிக்கவே 327 டிகிரி சூடு வேண்டும். தோசைக்கல்லில் அதைத் தொழிற்சாலையில் சூடேற்றித்தான் பிடிக்க வைக்கிறார்கள். ஷோரூமில் உங்கள் பானெட்டை யாரும் அப்படிச் சுட்டிருக்க மாட்டார்கள். அது ஒரு சீலன்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வருஷம் தாண்டியிருந்தால் கணக்கில் வேண்டாம்.

கடலோரக் காரில் துரு பெரும்பாலும் வெளிப் பெயிண்டில் தொடங்குவதில்லை. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயுத பூஜைக்கு வெள்ளைக் காரில் பொட்டு வைத்தோம். சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை சிவப்பாகிறது! எப்படி எடுப்பது?
— ஈரோடு வாசகி

பயப்படாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது போல, சோப்பில் இருக்கும் காரம் பட்டு மஞ்சள் சிவக்கிறது. நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் பொடியை ஓட்டிவிடுங்கள், அதன் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். மீதம் இருந்தால் காரை இரண்டு மூன்று நாள் வெயிலில் நிறுத்துங்கள், மஞ்சள் வெயிலில் தானாகவே வெளுத்துவிடும். கடைக் குங்குமம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதில் பெரும்பாலும் செயற்கைச் சாயம். ஆல்கஹாலுக்கும் அசையாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் நைஸான பாலிஷ்.

அடுத்த வருஷம் பூஜைக்கு முந்தின வாரம் ஒரு கை வேக்ஸ் போட்டுவிடுங்கள், பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், சாமி கோவித்துக்கொள்ளாது. முன்னால் கட்டும் வாழைக்கன்றின் வெட்டுவாயைப் பெயிண்டில் படாமல் துணி சுற்றிக் கட்டணும், வாழைக்கறை காய்ந்தால் மஞ்சளைவிட மோசம். மாலை கட்டும் கம்பி ஓடும்போது உரசிப் போடும் கோடு பாலிஷுக்கு அடங்காது, நூலால் கட்டுங்கள். குங்குமம் தடவிய எலுமிச்சை சக்கரத்தின் கீழே நசுங்கட்டும், பானெட் மேல் வெயிலில் காய வேண்டாம்.

வேறு வழியில்லாமல் மாமரத்தடியில்தான் நிறுத்துகிறேன். பிசுபிசுவென்று ஏதோ கொட்டுகிறது, போதாக்குறைக்குக் காக்கா எச்சம். பிடித்த இடத்தில் வட்டமாகத் தழும்பு நிற்கிறது.
— தஞ்சாவூர் வாசகர்

மாமரம் பூக்கும் தை மாசியில் கொட்டும் பிசுபிசுப்பு மரத்தின் பால் இல்லை. பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்புத் திரவம், சர்க்கரைதான், வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரில் கரைந்துவிடும். விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூசணம் படரும்.

எச்சம்தான் அவசர வேலை. அதுவும் சுடும் பெயிண்டும் சேர்ந்தால் ஒரே மதியத்தில் கிளியர் கோட் அரிபடும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், உள்ளே மண்ணும் விதையும் இருக்கும். நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டுவைத்து அப்படியே வழித்து எடுங்கள். காரில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துணியும் இருக்கட்டும். இப்போதுள்ள தழும்பு மேலோட்டமாக இருந்தால் பாலிஷில் போகும், ஓரம் கையில் தட்டுப்பட்டால் போகாது.

போர் தண்ணீரில் கழுவுகிறோம். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி. ஆர்.ஓ. மெஷினில் வீணாகும் தண்ணீரைப் பிடித்துக் கழுவினால் நல்லதா?
— சென்னை வாசகர்

அதில் உப்பு உங்கள் போர் தண்ணீரைவிட அதிகம், ஆர்.ஓ. சலித்துத் தள்ளிய உப்பெல்லாம் அதில்தானே வருகிறது? மாப் போடவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து வடிகட்டி வையுங்கள், காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. மொத்தக் காரையும் கழுவப் பத்தாது, கடைசி அலசலுக்குப் பத்தும். மழைத் தண்ணீரும் நல்லதுதான்.

போர் தண்ணீரைத் தவிர்க்க முடியாவிட்டால் வெயிலில் கழுவாதீர்கள், ஒரு பக்கம் முடித்ததும் உடனே துடைத்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். பிடித்துவிட்ட புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிஷம் வைத்து, உடனே அலசிவிடுங்கள். குளியலறை டைல்ஸ் கழுவும் ஆசிடை எடுத்துக்கொண்டு காரிடம் போகாதீர்கள், அப்படிச் செய்ததாகவே இந்த முறை ஒரு கடிதம் வந்திருக்கிறது.

ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதே, போதாதா?
— நாகர்கோவில் வாசகர்

நாலைந்து மாதத்துக்குப் போதும். ஹெட்லைட் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலைத் தடுக்க அதன்மேல் ஒரு பூச்சு உண்டு, மஞ்சளாவது அந்தப் பூச்சு கெட்டுப்போவதால். பேஸ்ட்டில் உள்ள உராய்பொருள் அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறது, பளிச்சென்று தெரிகிறது, பாதுகாப்பு இல்லாமல் மறுபடி மஞ்சளாகிறது. முறையாகச் செய்வதென்றால் 1000, 2000, 3000 என்று நம்பர் ஏற ஏற நைஸாகும் உப்புத்தாளை வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாவைத் தாங்கும் கிளியர் அடிக்க வேண்டும். தேய்ப்பது வரை வீட்டில் செய்யலாம். இரண்டு பாட்டில் கலந்து அடிக்கும் கிளியரின் புகை நுரையீரலுக்கு ஆகாது, அதை மட்டும் நல்ல மாஸ்க் போட்டு வேலை செய்யும் பெயிண்டரிடம் விடுங்கள். மங்கல் உள்பக்கம் என்றால் இதில் எதுவும் உதவாது.

பழைய சிவப்பு கார், வெளுத்துப் போயிருக்கிறது. பாலிஷ் போட்டால் துணியெல்லாம் சிவப்பு. நிறுத்திவிட்டேன். அப்பா அந்தக் காலத்தில் கெரசின் போட்டுத் துடைப்பார், அதுதான் சரி என்கிறார்.
— புதுச்சேரி வாசகி

துணியில் நிறம் வருகிறதென்றால் உங்கள் காரில் பெரும்பாலும் கிளியர் கோட் இருக்காது, நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. வருவது வெயிலில் செத்துப்போன மேல்தூள், அதற்கு அடியில் நல்ல சிவப்பு இன்னும் இருக்கும். நைஸான பாலிஷாக, கையால், மெதுவாகப் போடுங்கள். பளபளப்பு எழும்பியதும் நிறுத்துங்கள், விளிம்புகளில் பிரைமரின் நிறம் லேசாகத் தெரிந்தாலே அந்த இடத்தில் கை வைக்காதீர்கள். முடித்த அன்றே வேக்ஸ் போட வேண்டும், மாதம் ஒருமுறை தொடர வேண்டும், சிவப்பு மாதிரி வெயிலில் வாடுகிற நிறம் வேறில்லை. ஏதாவது கதவை டிங்கரிங் பார்த்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அதற்கு மட்டும் இரண்டு மாதம் வேக்ஸ் வேண்டாம், பெயிண்டிலுள்ள கரைப்பான் முழுதாக வெளியேறட்டும்.

அப்பா சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. கெரசின் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் செத்த பெயிண்டையும் இரண்டு நாளைக்கு மினுக்கிக் காட்டும், அந்தக் காலத்தில் வேறு என்ன சுலபமாகக் கிடைத்தது? இப்போது அதற்கு ஒரே ஒரு வேலை வைத்துக்கொள்ளலாம். புது ரோடு போட்ட இடத்தில் ஓட்டி, கதவடியில் தார் தெறித்திருந்தால், பஞ்சில் கொஞ்சம் கெரசின் நனைத்துத் தார்ப்புள்ளி மேல் வைத்து, இளகியதும் வழித்துவிட்டு, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பீடிங்கில் படக்கூடாது. கெரசின் பட்ட இடத்தில் வேக்ஸும் போயிருக்கும், அங்கே மட்டும் ஒரு கை போட்டுவிடுங்கள்.